“ஆர் பிள்ளை நீ?” – நினைவு குன்றிய முதியோரைச் சந்திக்கச் செல்வோருக்கு



நோயாளரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்பதை ஞானோபதேச வகுப்பிலேயே படித்தவர்கள் நாம். காய்ச்சல், சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு என்றால் நம் ஊர்களில் அந்தக் கடமையில் எவரும் குறை வைப்பதில்லை. நாலு தோடம்பழமும் ஒரு பிஸ்கற் பக்கற்றும் வாங்கிக்கொண்டு ஓமந்தையில் பஸ் ஏறி, வவுனியா ஆஸ்பத்திரி வாசலில் பார்வையாளர் நேரத்துக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தில் நம்மவரும் இருப்பார்கள்.

ஆனால் கட்டிலில் கிடப்பவர் நினைவு குன்றிய அம்மம்மாவாகவோ அப்பப்பாவாகவோ இருந்தால் கதை வேறாகிவிடுகிறது. முதல் நாள் எல்லாரும் போகிறோம். “ஆர் பிள்ளை நீ?” என்று அவர் கேட்கிறார். இன்னார் என்று சொல்கிறோம். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் அதே கேள்வி. இரண்டாம் நாள் பாதிப்பேர்தான் போகிறோம். ஒரு வாரம் கழிந்ததும், “அவவுக்கு இனி ஒண்டும் விளங்காது. நாங்கள் போய் என்ன பிரயோசனம்?” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுகிறோம். அதற்கு ஒரு சொல்லும் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது: அறளை பெயர்ந்துவிட்டது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது பலர் சிரிப்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

போய் என்ன பிரயோசனம்? இந்த ஒரு கேள்வியைத்தான் இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு பாட்டனாரும் இரு பேரரும்

தொடக்க நூலின் 48ஆம் அதிகாரத்தை எடுத்து ஆறுதலாக வாசியுங்கள். யாக்கோபு நோயுற்றிருக்கிறார் என்ற செய்தி யோசேப்புக்கு எட்டுகிறது. யோசேப்பு அப்போது எகிப்து நாடு முழுவதற்கும் அதிகாரி. வேலை இல்லாதவர் அல்லர். ஆயினும் அவர் ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை. தம் மைந்தர் மனாசேயையும் எப்ராயிமையும் அழைத்துக்கொண்டு தாமே போகிறார். மகன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் கிழவர் தம் பலத்தையெல்லாம் திரட்டிக் கட்டிலில் எழுந்து உட்காருகிறார்.

என்ன பேசுகிறார்? கானான் நாட்டில் லூசு என்னும் இடத்தில் கடவுள் தமக்குத் தோன்றியதைப் பேசுகிறார். எப்ராத்துக்குப் போகும் வழியில் மனைவி ராகேல் இறந்துபோனதையும், அவளை அந்த வழியிலேயே அடக்கம் செய்ததையும் பேசுகிறார். எல்லாம் பழைய நினைவுகள். அவற்றுக்கிடையே பேரர் இருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவர்கள் என் சொந்தப் பிள்ளைகள் போல என்கிறார். இவ்வளவும் சொன்ன பிறகு, எதிரே நிற்கும் அதே பேரரைப் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்கிறார்!

முதுமையால் அவருடைய கண்கள் மங்கியிருந்தன என்பதே வேதாகமம் தரும் காரணம். ஆகவே யாக்கோபுக்கு மறதி நோய் இருந்தது என்று நாம் எழுதப் புறப்படக் கூடாது. நமக்கு வேண்டியது யோசேப்பின் நடத்தை. இப்போதுதானே பெயர் சொன்னீர்கள் என்று அவர் தகப்பனைக் குத்திக் காட்டவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக் கண் சிமிட்டவில்லை. கடவுள் தமக்கு இந்த நாட்டில் தந்த பிள்ளைகள் இவர்கள் என்று, முதன்முறை சொல்வதுபோலவே சொல்கிறார். பிறகு அவர்களைத் தகப்பனுக்குக் கிட்டக் கொண்டுபோகிறார். கிழவர் பேரரை அணைத்து முத்தமிடுகிறார்.

அதே அதிகாரத்தில் யோசேப்பு மனம் கசக்கும் இடம் ஒன்று உண்டு. பாட்டனார் கைகளைக் குறுக்காக நீட்டி, வலக்கையை இளையவன் தலையில் வைக்கிறார். பிழையாக வைக்கிறார் என்று எண்ணிய யோசேப்பு அந்தக் கையைப் பிடித்து மாற்றப் பார்க்கிறார். கிழவர் விடவில்லை, தமக்குத் தெரியும் என்கிறார். ஆசீர்வாதம் கண் மங்கிய அந்தக் கிழவரின் விருப்பப்படியே இறங்கியது. யாக்கோபின் நெடிய வாழ்விலிருந்து அவருடைய விசுவாசத்துக்குச் சான்றாக எபிரேயர் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம் எதைத் தெரிந்தெடுக்கிறது தெரியுமா? ஏணிக் கனவையல்ல, வானதூதரோடு போராடியதையல்ல. சாகும் தறுவாயில் பேரரை ஆசீர்வதித்ததைத்தான்.

நம் வீடுகளிலும் முதியோர் பேரப்பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைவது வழக்கம். பிள்ளையின் பெயர் மறந்துபோன பின்பும் பலரிடம் அந்த விரலசைவு எஞ்சி நிற்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே குனிந்து உங்கள் நெற்றியைக் கொடுத்துப் பாருங்கள்.

வைத்தியரின் கேள்வியும் நமது கேள்வியும்

1901ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரிலுள்ள மனநோய் வைத்தியசாலையில் 51 வயதுப் பெண்ணொருவர் சேர்க்கப்பட்டார். அலொய்ஸ் அல்சைமர் என்ற வைத்தியர் அவரருகே அமர்ந்து கேள்விகள் கேட்டு, பதில்களை எழுதி வைத்தார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். அவுகுஸ்ரே என்றார் அந்தப் பெண். கணவருடைய பெயரைக் கேட்டார். அதற்கும் அவுகுஸ்ரே என்றே பதில் வந்தது. அவர் 1906 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அல்சைமர் அவருடைய மூளையில் தாம் கண்ட மாற்றங்களை வைத்தியர்களின் கூட்டமொன்றில் விபரித்தார். 1910இல் அந்நோய்க்கு அவருடைய பெயரே இடப்பட்டது.

இன்று மறதி நோய்களுள் நூற்றுக்கு அறுபது, எழுபது அல்சைமர் நோயினாலேயே வருகின்றன. 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயோடு வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருப்போர். இது மூளையைத் தாக்கும் நோய். செய்வினை, சாபம் என்ற பேச்சுக்கும் அறளை என்ற சிரிப்புக்கும் இங்கு இடமே இல்லை.

வைத்தியர் கேள்வி கேட்கத்தான் வேண்டும். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், நூறிலிருந்து ஏழைக் கழித்தால் எவ்வளவு என்றெல்லாம் கேட்பது நோயின் அளவை அறிவதற்கு. ஆனால் நாம் ஏன் கேட்கிறோம்? “அம்மம்மா, என்னைத் தெரியுதே? சொல்லுங்கோ பாப்பம், நான் ஆர்?” என்று வாட்டு முழுவதும் கேட்கக் கேட்கிறோம். அவர் விழிக்கிறார். வேறொருவரின் பெயரைச் சொல்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். சிலர் வெட்கத்தை மறைக்க, “தெரியும், தெரியும்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அன்போடுதான் கேட்டோம், ஆனால் அது ஒரு பரீட்சை. எழுத முடியாத பரீட்சையில் ஒரு முதியவரை எல்லார் முன்னிலையிலும் சித்தியடையாமல் செய்துவிட்டு வருகிறோம்.

அதற்குப் பதிலாக, முன்பக்கமாகப் போய், அவருடைய கண்மட்டத்துக்கு வரும்படி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே முந்திச் சொல்லுங்கள். “அம்மம்மா, நான் உங்கடை மூத்த மகளின்ரை பெடியன். ஓமந்தையிலை இருந்து உங்களைப் பாக்க வந்தனான்.” பத்துத் தரம் கேட்டால் பத்துத் தரமும் சொல்லுங்கள். பத்தாவது முறை உங்கள் குரல் தடித்தால் அதை அவர் உடனே அறிந்துகொள்வார். குரலின் கோபத்தை அறியும் ஆற்றல் அவரிடம் குறையவில்லை.

இந்நோயில் பெரும்பாலும் புதிய நினைவே முந்தி அழிகிறது. புதிதாய்க் கண்டதையும் கேட்டதையும் பதிந்துவைக்கும் மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே பழுதுபடுவதே அதன் காரணம். காலையில் குடித்த கஞ்சி நினைவில் இராது. கலியாணத்தன்று பந்தலில் பெய்த மழை நினைவிலிருக்கும். ஆகவே காலையில் என்ன சாப்பிட்டீர்கள், நேற்று யார் வந்தார்கள் என்று கேட்பது கிழிந்துபோன ஒற்றையில் எழுத்துத் தேடுவது போன்றது.

இனி, போய் என்ன பிரயோசனம் என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் 2010இல் ஓர் ஆய்வு நடந்தது. மூளையில் பழுது ஏற்பட்டுப் புதிய நினைவு தங்காத நோயாளருக்குத் துயரமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் காட்டினார்கள். சிறிது நேரத்துக்குள் அவர்கள் என்ன படம் பார்த்தோம் என்பதை மறந்துவிட்டார்கள். ஆனால் படம் உண்டாக்கிய துயரமும் மகிழ்ச்சியும் அவர்களை விட்டு நீங்கவில்லை. 2014இல் அல்சைமர் நோயாளரிடம் இதே சோதனையைச் செய்தபோதும் அப்படியே கண்டார்கள்.

ஆகவே நீங்கள் போய் வந்ததை அம்மம்மா மறந்துவிடலாம். நீங்கள் கொண்டுபோன ஆறுதல் அவரிடம் தங்கியிருக்கும். அவசரப்படுத்திப் பரீட்சை வைத்துவிட்டு வந்தால் அந்த மனவருத்தமும் காரணம் தெரியாமலே தங்கியிருக்கும். மாலையில் அவர் அழுவார், யாருக்கும் ஏனென்று விளங்காது.

எந்த வீட்டுக்குப் போக வேண்டும்?

பிற நாட்டுப் புத்தகங்கள் இந்நோயாளரைப் பழைய காலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், அது இனிமையானது என்கின்றன. நல்ல ஆலோசனைதான். ஆனால் நம் வன்னி முதியோரின் பழைய காலத்துக்குப் போகும் வழியில் என்னென்ன இருக்கின்றன என்பதை அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் அறியார்கள்.

ஓமந்தை என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு யாழ்–கண்டி வீதியில் ஓர் ஊர், ஒரு ரயில் நிலையம். அவர்களுடைய அம்மம்மாவுக்கு அப்படியல்ல. 1990இல் வடக்கு ரயில் நின்றுபோனதை அவர் கண்டவர். அது 2011இல் ஓமந்தைவரையும் 2014இல் யாழ்ப்பாணம்வரையும் திரும்பி வந்தபோது அவருக்கு முதுமை வந்துவிட்டது. 2002இன் போர்நிறுத்தத்தின்பின் ஓமந்தையில் இராணுவத்தின் சாவடி, வடக்கே புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. ஒரே வீதியில் இரண்டு இடத்தில் இறங்கி, பொதி அவிழ்த்து, பெயர் சொல்லிப் போனவர் அவர். 2006 ஆகஸ்டில் அந்த வீதியும் மூடப்பட்டது. 2009இல் வன்னியிலிருந்து வெளியேறிய பெருந்தொகையான மக்கள் ஓமந்தை வழியாகவே செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இப்படிப்பட்ட ஒருவர் நினைவு குழம்பிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். வாசலில் சீருடையணிந்த காவலாளி. ஒரு வரிசை. பெயரையும் வயதையும் கேட்டு எழுதும் ஒருவர். பொதியைத் திறந்து பார்க்கும் இன்னொருவர். அம்மம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “ஐடென்ரிக் காட்டை எடு பிள்ளை, கெதியா எடு, பாதை பூட்டப் போறாங்கள்” என்றால் அவர் உளறுகிறாரா? அவர் கண்டதை அவர் சொல்கிறார். மேலே ஹெலி பறந்தால் கட்டிலுக்குக் கீழே இறங்கப் பார்ப்பதும், சாப்பாட்டுப் பாணைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவைப்பதும் அப்படியே. ஒரு பிடி அரிசிக்கு அலைந்தவர் பாணை ஒளிக்காமல் வேறென்ன செய்வார்?

“அதெல்லாம் முடிஞ்சு போச்சு அம்மா, சும்மா இருங்கோ” என்று நாம் அதட்டுகிறோம். முடிந்தது நமக்குத்தான். அந்த நேரத்தில், “நான் பக்கத்திலை இருக்கிறன். எங்கேயும் போகமாட்டன்” என்பது உண்மையான பேச்சு. பாணைப் பறிக்க வேண்டாம். அவர் கண் அயர்ந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் போதும்.

அடிக்கடி வரும் இன்னொரு சொல், “வீட்டை போவம்” என்பது. எந்த வீடு? பலமுறை இடம்பெயர்ந்த ஒருவருக்கு அது நீங்கள் இப்போது குடியிருக்கும் வீடாக இராமற் போகலாம். இதுதான் ஆஸ்பத்திரி, துண்டு வெட்டாமல் போக ஏலாது என்று விளக்கஞ் சொல்வதிலும், “வீட்டிலை என்ன மரம் அம்மம்மா நிண்டது?” என்று கேட்பது நல்லது. பாலைப்பழம் பொறுக்கிய காட்டையும், குளக்கட்டால் மாடு சாய்த்த கதையையும், மாட்டுவண்டி கட்டி மடுத் திருவிழாவுக்குப் போய்க் கொட்டில் போட்டுத் தங்கிய நாட்களையும் அப்போது நீங்கள் கேட்கக்கூடும். இடப்பெயர்வில் படங்களை இழந்த குடும்பங்கள் ஏராளம். காட்டுவதற்கு அல்பம் இல்லாதபோது இக்கேள்விகளே அல்பம்.

செபமும் அப்படியே. அறுபது, எழுபது ஆண்டுகள் நாள்தோறும் சொல்லிய மந்திரங்கள் பேச்சுக் குறைந்த பின்பும் வாயில் வருவதுண்டு. ஆனால் அவர் சிறுவயதில் படித்த பாடம் வேறு, இன்று கோவிலில் சொல்லும் பாடம் வேறு. பிரியதத்த மந்திரத்தைப் பழைய வார்த்தைகளிலேயே மெதுவாகத் தொடங்கி, பாதியில் நிறுத்துங்கள். மீதியை அவர் சொல்லி முடித்தால் அதிசயிக்க வேண்டாம். வீட்டுச் செபமாலையைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். புதிதாய் வாங்கியது வேண்டாம். விரலுக்குப் பழகிய மணி வேறு.

இறந்தவரைக் கேட்டால்

“அப்பப்பா எங்கை? இன்னும் வயலாலை வரேல்லையோ?” என்று கேட்கிறார். அப்பப்பா இறந்து இருபது ஆண்டு. என்ன சொல்வது? பொய் சொல்லலாமா என்று மனச்சாட்சியுள்ளவர்கள் குழம்புகிறார்கள். நியாயமான குழப்பந்தான்.

அவர் செத்துப்போனார் என்று சொன்னால், அது அவருக்கு இன்று வந்த மரணச் செய்தி. நாளை கேட்டால் நாளையும் ஒரு செத்தவீடு. நாளைக்கு வருவார் என்றால் அது பொய். இரண்டுக்கும் நடுவில் வழி உண்டு என்பது என் எண்ணம். அவர் தேடுவது தகவலையல்ல, ஆளை. “அப்பப்பாவை நினைச்சுக்கொண்டிருக்கிறியள் போல. அவருக்கு என்ன கறி விருப்பம்?” என்று கேளுங்கள். நேராக, உறுதியாக, அவர் இறந்துவிட்டாரா என்றே கேட்டால் கையைப் பிடித்துக்கொண்டு ஆம் என்று சொல்லுங்கள்.

நம் பகுதியில் இதிலும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. “தம்பி வந்திட்டானோ?” காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிய கேள்வி அது. 2017 பெப்ரவரியில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தொடங்கிய போராட்டப் பந்தல்களில் அமர்ந்த தாய்மாருட் பலர் பதில் கிடைக்காமலே கண் மூடிவிட்டனர். இந்தக் கேள்விக்கு உலகமே பதில் தரவில்லை. நாம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று பதிலொன்றைக் கட்டிச் சொல்ல வேண்டியதில்லை. “இன்னும் வரேல்லை அம்மம்மா. நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்” என்பதற்கு மேல் உண்மையான வார்த்தை எனக்குத் தெரியவில்லை. மற்றதெல்லாம் மறந்த தாய் இதை மறக்கவில்லை என்பதைக் காணும்போது, அறளை என்ற சொல் நம் நாக்கில் ஏறக் கூடாது.

சீராக்கின் ஞான நூல் 3ஆம் அதிகாரம், முதுமையில் தந்தையின் அறிவு தளர்ந்துபோனாலும் பொறுமையோடிருக்கும்படியும், நமது பலத்தை எண்ணி அவரை அவமதியாதிருக்கும்படியும் சொல்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்னர் எழுதியது. அப்போதும் இந்நோய் இருந்திருக்கிறது, அப்போதும் வீட்டார் பொறுமை இழந்திருக்கிறார்கள்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

ஒரு காரியத்தைக் கட்டாயம் அறிந்திருங்கள். மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல வளர்வது. போன கிழமை கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்த அம்மம்மா இரண்டு நாளுக்குள் ஆளையே அறியாமல், இல்லாததைக் கண்டு பேசி, அல்லது எழுப்பினாலும் எழும்பாமல் தூங்கிக்கொண்டிருந்தால் அது வேறு. முன்னோர் சன்னி என்றார்களே, அந்தத் திடீர்க் குழப்பம். சலத்தில் கிருமி, நிமோனியாக் காய்ச்சல், உடலில் நீர் வற்றுதல், மலச்சிக்கல், வலி, சில மருந்துகள் என்று காரணம் பல. மறதி நோயுள்ளவருக்கு இது எளிதில் வரும். காரணத்தைக் கண்டு மருந்து செய்தால் பெரும்பாலும் குணமாகும். கிழவிக்கு வயது போய்விட்டது என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வாட்டில் புதிதாய்ப் பார்க்கும் வைத்தியருக்கு அம்மம்மா போன கிழமை எப்படி இருந்தார் என்பது தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். எப்போது தொடங்கியது, விழுந்தாரா, தலை அடிபட்டதா, எந்தெந்தக் குளிசை குடிக்கிறார் என்பவற்றைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் நாட்டுமருந்து குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டுச் சில வாரங்களின்பின் இரத்தம் கட்டுதல் ஆகியவையும் மறதிபோலத் தோற்றும். அவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, கட்டுப்பல் ஆகியவற்றைத் தொலைந்துபோகும் என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம். கண்ணும் காதும் மங்கினால் குழப்பம் இரட்டிக்கும். பெயர் ஒட்டிக் கொண்டுவந்து கொடுங்கள். தேத்தண்ணியோ சோறோ கொடுப்பதானால் நிமிர்த்தி இருத்திக் கொடுங்கள். படுத்தபடி கொடுத்தால் புரைக்கேறிச் சுவாசப்பைக்குள் போய்விடும். விழுங்கக் கஷ்டப்பட்டால் நேர்ஸிடம் கேளாமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

அரை ஒற்றைக் கடுதாசியில் நாலு வரி எழுதி நேர்ஸிடம் கொடுப்பது பெரிய உதவி: இவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவோம், எந்தக் காது கேட்கும், எதற்குப் பயப்படுவார், எதைச் சொன்னால் அமைதியாவார். கடமையிலிருப்பவர் சிங்களம் பேசுபவராக இருக்கலாம். தெரிந்தவரைக் கொண்டு அதையே சிங்களத்திலும் எழுதுவியுங்கள். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் ஓடித்திரியும் வாட்டில் அந்தத் துண்டு அம்மம்மாவுக்கு ஒரு முகத்தைக் கொடுக்கும்.

குருவானவரை எப்போது அழைப்பது?

முன்னே அவஸ்தைப் பூசுதல் என்றோம். அந்தப் பெயராலேயே, சுவாமியார் வாட்டுக்குள் வந்தால் உயிர் போகப்போகிறது என்ற பயம் பலருக்கு இன்னும் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை நோயில் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றது. 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் புதிய சடங்கு முறையை வெளியிட்டார். நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெற வேண்டிய அருட்சாதனம் அது. நினைவு தெளிவாக இருக்கும் ஆரம்ப நாளிலேயே அழைத்தால் அம்மம்மா பாவசங்கீர்த்தனமும் செய்து, தாமே ஆமென் சொல்லிப் பெறலாம்.

அந்த நாள் தவறிவிட்டால்? புத்தி தெளிவாயிருந்தபோது அவர் விரும்பியிருப்பார் என்று கொள்ளத்தக்க எவருக்கும் இதை வழங்கலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1006ஆம் இலக்கம் சொல்கிறது. எழுபது ஆண்டு கோவிலுக்குப் போனவரின் விருப்பத்தைப் பற்றி எவருக்குச் சந்தேகம்? அதே சட்டத்தின் 919ஆம் இலக்கம், நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசத்திலிருந்து முதியோரையும் நோயாளரையும் மட்டுமல்ல, அவர்களைப் பராமரிப்போரையும் விடுவிக்கிறது. இதைப் பராமரிப்போர் பலர் அறியார்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமென ஓர் உலக நாளை ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் ஜூலை மாத நான்காம் ஞாயிறு. அன்று கோவிலில் முதியோருக்குப் பொன்னாடை போர்த்துவது நல்லதே. ஆனால் பொன்னாடைக்கு வர முடியாதவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று அதற்கு முன் பங்கில் இருக்க வேண்டும்.

பராமரிப்பவரும் ஒருவர் உண்டு

கட்டிலின் மறுபக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஒரு மகள் அல்லது மருமகள். இரவு முழுவதும் விழித்தவர். “என்ரை காப்பைக் களவெடுத்தவள் இவள்தான்” என்று அம்மம்மா உங்களிடம் முறையிடுவது அவரைப் பற்றித்தான். இது நோயின் குணம். பொருளை வைத்த இடம் மறந்துவிட, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மூளை கணக்குத் தீர்க்கிறது. வெளிநாட்டிலிருந்து பத்து நாள் விடுமுறையில் வந்தவர்கள் இதை நம்பிக் குடும்பம் பிரிந்த கதைகள் நம்மிடையே இல்லாமலில்லை. நீங்கள் போகும் நாளில் அந்த மகளை இரண்டு மணி நேரம் வீட்டுக்கு அனுப்பிக் குளித்துச் சாப்பிட்டு வரச் சொல்லுங்கள். தோடம்பழத்திலும் அது பெரிய கையுறை.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. போனை அம்மம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்து, அதற்குள்ளிருந்து நாலு பேர் ஒரே நேரத்தில் “என்னைத் தெரியுதோ?” என்று கத்துவது அவரைக் குழப்பும். ஆளில்லாமல் குரல் மட்டும் எங்கிருந்து வருகிறது என்று அவர் சுவரைப் பார்ப்பார். அதைவிட, நீங்கள் ஒரு மாதா பாட்டைப் பாடிப் பதிந்து அனுப்புங்கள். பக்கத்திலிருப்பவர் அமைதியான நேரத்தில் போட்டுக் காட்டட்டும்.

சிறு பிள்ளைகளைக் கூட்டிப்போவது வாட்டின் ஒழுங்கைப் பொறுத்தது, முதலில் கேட்டறியுங்கள். கூட்டிப்போவதானால் பஸ்ஸிலேயே சொல்லிவையுங்கள்: “அம்மம்மா உன்ரை பேரை மறந்திருப்பா. நீ உன்ரை பேரைச் சொல்லு, கையைப் பிடி.” பெரியவர்களை விடப் பிள்ளைகள் இதை எளிதாகச் செய்துவிடுவார்கள்.

மாலையானால் இந்நோயாளர் பலருக்குக் குழப்பம் கூடும். ஆகவே மதிய நேரத்தில் போக முடிந்தால் நல்லது. கூட்டமாய்ப் போகாமல் ஒருவர் இருவராய்ப் போவது அதனிலும் நல்லது. மணி அடித்ததும் ஓடி வந்துவிட வேண்டாம். முதலில் கதையை நிறுத்துங்கள், கையை வைத்தபடி சற்று மௌனமாயிருங்கள், நெற்றியைக் கொடுத்துச் சிலுவை வாங்குங்கள். நம் வழக்கப்படி போறேன் என்று சொல்லாமல், “போட்டு வாறன் அம்மம்மா” என்று சொல்லுங்கள். எப்போது வருவாய் என்று கேட்டால் வரக்கூடிய நாளை மட்டும் சொல்லுங்கள். அந்த நாளை நேர்ஸிடமும் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். இரவு அவர் தேடும்போது, உங்கடை பேரன் வியாழக்கிழமை வருவார் என்று சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை வேண்டும்.